அப்பாவின் மார்லினுக்கு பீப் சைட்

எங்கள் வீட்டில் இருப்பது மார்லின் 39ஏ. .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டா போட்டு, லீவரை இறக்கி ஏற்றிச் சுடுகிற ரைபிள். போடிமெட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்த்த காலத்தில் அப்பா வாங்கியது. தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கிப் போன ஒருவரிடமிருந்து முறைப்படி லைசென்ஸில் ஏற்றிக்கொண்டார். அப்பா காலமான பிறகு வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாறியது. எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வதற்குத் தடை வந்துவிட்டதால், இந்த மாதிரி ரைபிள்கள் நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே கைமாறுவதோடு சரி. கெட்டுப்போனால் இன்னொன்று கிடைக்காது. அதனால் இதில் கை வைப்பதற்கு முன்னால் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது.

இந்த ரைபிளின் வம்சம் பெரியது. 1891இல் மார்லின் கம்பெனி ஒரு .22 லீவர் ரைபிளைக் கொண்டுவந்தது. அது 1892, 1897 மாடல்களாக வளர்ந்து, இருபதுகளில் மாடல் 39 ஆகி, 1939இல் 39ஏ என்ற பெயரைப் பெற்றது. பக்கவாட்டில் இருக்கும் பெரிய தலைத் திருகைக் கையாலேயே திருப்பினால் ரைபிள் இரண்டாகப் பிரிந்துவிடும். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற போல்ட்டை எடுத்துவிட்டு, குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். பாகங்களெல்லாம் முழு இரும்பில் கடைந்தவை. இதில் எனக்கு ஒரே மனக்குறை, அதன் பின் சைட்தான். குறி பார்ப்பதற்காக ரைபிளின் மேல் இருக்கும் இரண்டு உறுப்புகளில் கண் பக்கம் இருப்பது அது.

தொழிற்சாலையில் வைத்து அனுப்புகிற பின் சைட், குழலின் மேலேயே, கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள், குழலின் நுனியில் நிற்கும் முன் சைட்டின் மணியை வைத்து, மணியின் மேல் குறியை உட்கார வைக்க வேண்டும். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தப் பாடம் மறக்காது. வெட்டு, முன் சைட், குறி, மூன்றும் ஒரே கோட்டில். இருபது வயதில் கண் இந்த மூன்றுக்கும் மாறி மாறி ஓடித் திரும்பிவிடும். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகிப்போகிறது, பக்கத்தில் இருப்பது கலங்குகிறது. ஐம்பதுக்கு மேல் பின் சைட்டின் வெட்டு இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் நிறப் புகைதான் தெரியும். புகைக்கு நடுவே மணியை நிறுத்துவது எப்படி?

கையும் மூச்சும் சரியாக இருந்தும் கண்ணால் தோற்பது வேதனையான விஷயம். எங்கள் கிளப்பில் என் வயசுக்காரர்கள் பலர் இதனாலேயே ரைபிளை விட்டுவிட்டார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். பீப் சைட் என்று ஒன்று இருக்கிறது. பின்னால் வெட்டுக்குப் பதிலாக ஒரு வட்டத் துளை, அவ்வளவுதான். அமெரிக்காவில் லைமன் என்பவர் 1879இலேயே இப்படிப்பட்ட சைட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். லீவர் ரைபிள்களுக்கென்று லைமன், வில்லியம்ஸ், மார்பிள்ஸ், ஸ்கின்னர் என்று பல கம்பெனிகள் செய்துவருகின்றன. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் இருப்பதும் இதே துளைதான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012 லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் அதன் வழியாகப் பார்த்துத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதில்தான்.

துளை என்ன செய்கிறது என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகாத குடும்பம் இங்கே அபூர்வம். கண்ணாடிக்குப் பார்க்கும்போது, போர்டில் இருக்கிற எழுத்து தெரியவில்லை என்று சொன்னால், ஊசித்துளை போட்ட கறுப்புத் தட்டு ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் வைத்து மறுபடியும் படிக்கச் சொல்வார்கள். லென்ஸே இல்லாத வெறும் துளை, ஆனால் கலங்கிய எழுத்து தெளிந்துவிடும். துளை வழியாக மெல்லிய ஒளிக்கற்றைதான் உள்ளே வருகிறது. கற்றை மெலிந்தால் விழித்திரையில் விழும் கலக்கமும் சுருங்குகிறது. தூரத்தில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. பீப் சைட்டில் முன் சைட்டும் குறியும் சேர்ந்து தெரிவதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. துளை நம் கண்ணின் பாவையைவிடச் சின்னதாக இருந்தால்தான் இந்த நன்மை கிடைக்கும். லீவர் ரைபிளுக்கு விற்கிற பீப் சைட்டுகளில் பெரும்பாலும் 2.4 அல்லது 3.2 மில்லிமீட்டர் துளைதான் வரும். இன்னும் பெரியதும் உண்டு. அமெரிக்கக் காடுகளில் விடியற்காலை அரை வெளிச்சத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காகச் செய்தது. அரை இருட்டில் பாவை விரிந்திருக்கும், அவர்களுக்கு அது சரி. நம் ஊர் சித்திரை வெயிலில் பாவை 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கிக் கிடக்கும். 3.2 மில்லிமீட்டர் துளையால் அந்தக் கண்ணுக்குத் தெளிவு எதுவும் கூடாது. பின் சைட்டின் புகை விலகும், அந்த அளவுக்கு நல்லது. முன் சைட் மட்டும் பழையபடியே கலங்கியிருக்கும். ஆகவே வெயிலில் காகிதக் குறி சுடுகிறவர்களுக்கு 1.2லிருந்து 1.5 மில்லிமீட்டர் துளைதான் என் பரிந்துரை. அதற்கும் கீழே போனால் இருட்டடிக்கும், ஒளி சிதறி வேறு விதமாகக் கலங்கும். துளை உள்ள குமிழைத் திருகி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சைட்டாகப் பார்த்து வாங்குங்கள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று இருந்தால் மேகமூட்டத்துக்கும் வெயிலுக்கும் சரியாகிவிடும்.

இரண்டாவது நன்மை கணக்கில் இருக்கிறது. என் ரைபிளில் பழைய பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 500 மில்லிமீட்டர். பின் சைட்டை ரிசீவர் மேலே, அதாவது போல்ட் இயங்குகிற நடு உடம்பின் மேலே கொண்டுவந்த பிறகு அது சுமார் 660. முன் சைட்டைக் கால் மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினால், பழைய அமைப்பில் 50 மீட்டரில் குண்டு 25 மில்லிமீட்டர் விலகும். புதிய அமைப்பில் 19தான் விலகும். கை மாறவில்லை, கண் மாறவில்லை. நீளம் கூடியதற்கே இந்த லாபம்.

அப்போது ஸ்கோப்பே, அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியே, போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். மார்லின் காலித் தோட்டாவைப் பக்கவாட்டில் தள்ளுகிற ரைபிள், மேலே ஸ்கோப் வைக்கத் தடை இல்லை. பழைய வின்செஸ்டர் 94 என்றால் நேர் மேலே தூக்கி வீசும், ஸ்கோப்பை நடுவில் வைக்கவே முடியாது. எண்பதுகளில்தான் அவர்கள் பக்கமாக வீசுகிற மாதிரி மாற்றினார்கள். முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டும் என்றில்லை என்பது என் கட்சி. லீவர் ரைபிளின் அழகே அதன் ஒல்லியான இடுப்பு. ரிசீவரைச் சுற்றி ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஸ்கோப் வைத்தால் பிடிக்க இடமில்லை. பின்னால் இருக்கும் ஹேமர் என்கிற சுத்தி அதன் அடியில் மறைந்துபோய், அதைக் கட்டைவிரலால் இழுக்கவே தனியாக ஒரு நீட்டுத்துண்டு மாட்ட வேண்டியிருக்கும். தோளில் வைக்கிற மரப் பட்டின் உயரம் திறந்த சைட்டுக்காகச் செய்தது, கன்னம் ஸ்கோப் உயரத்துக்கு எட்டாது. தாடையை வைத்துச் சுட வேண்டிவரும். பீப் சைட் தாழ்வாக உட்காரும், கன்னம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எந்த பீப் சைட் என்பதற்கு வருகிறேன். மூன்று இடங்களில் வைக்கலாம். ஹேமருக்குப் பின்னால், கைப்பிடியின் மேல் நிற்கும் டாங் சைட் ஒன்று. கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் பார்வைக்கு அதுதான் சொர்க்கம். .22க்கு அச்சமில்லை. பெரிய தோட்டா ரைபிளில் பின்னுதைப்புக்கு அது புருவத்தில் இடிக்கலாம். கட்டைவிரலை வைக்கவும் இடைஞ்சல். இரண்டாவது, பழைய பின் சைட்டின் பள்ளத்திலேயே மாட்டுகிற பீப். இதை வாங்காதீர்கள். துளை அவ்வளவு தள்ளி இருந்தால் அதன் வழியாகத் தெரிகிற வட்டம் பொட்டு மாதிரிச் சுருங்கிவிடும், சைட்டுகளுக்கு இடையிலான நீளமும் கூடாது. மூன்றாவது, ரிசீவரில் மாட்டுவது. நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

காரணம், என் ரைபிளின் ரிசீவர் மேல்பக்கத்தில் ஸ்கோப் மாட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே துளை போட்டு, மரை வெட்டி, குட்டைத் திருகுகளால் அடைத்திருந்தார்கள். அப்பா அவற்றை ஒருநாளும் தொட்டதில்லை. இருக்கிற துளையைப் பயன்படுத்துவது வேறு, புதிதாகத் துளை போடுவது வேறு. துளையில்லாத பழைய ரைபிளில் டிரில்லை வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அரை மில்லிமீட்டர் கோணினால் சைட் காலத்துக்கும் ஒருபக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதுவும் இந்த ஊரில் மாற்று ரிசீவர் கிடைக்காத ரைபிள். அப்புறம் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்யும் தொழிலுக்கே லைசென்ஸ் வேண்டும். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து வேலை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். சைட்டை வரவழைத்ததும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை மூலமாகத்தான், மாட்டியதும் அந்தக் கடையில் வேலை பார்க்கும் அண்ணன்தான். எழுபது வயதுக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொருளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து வேலை செய்வார்.

அவர் முதலில் செய்தது, ரைபிள் காலியா என்று பார்த்தது. நான் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனேன். அது அவருக்குக் கணக்கில்லை. 39ஏயின் குழாய் மேகசின் 19 எல்.ஆர். தோட்டா பிடிக்கும். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றாலும் நிற்கும். உள்குழாயை முழுக்க வெளியே இழுத்து வைத்தார், லீவரைப் பல தடவை இறக்கி ஏற்றினார், கடைசியில் தோட்டா அறையின் வாயைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான் வைஸில் கட்டினார். வைஸின் இரண்டு தாடைக்கும் தேக்குச் சில்லு, அதற்குமேல் தோல்.

பழைய பின் சைட்டை எடுப்பது முதல் வேலை. அதை அப்படியே விட்டுவிட்டால் துளைக்கு நடுவில் ஒரு கறுப்புத் திட்டாகக் குறுக்கே நிற்கும். டவ்டெயில் என்கிற, அடி அகன்று வாய் குறுகிய பள்ளத்தில் இறுக்கி ஏற்றிய சைட் அது. பின்னாலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாகத் தட்டி எடுப்பதும், வலமிருந்து இடமாக ஏற்றுவதும் வழக்கம். முந்தின நாள் சாயங்காலமே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து விட்டு ஊறவைத்திருந்தார். பித்தளைக் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் அளந்து அளந்து தட்டினார். வேகமாக அடித்தால் குழலின் நீல பாலிஷ் போய்விடும். சைட் நகர்ந்தபோது பள்ளத்துக்குள் பழைய மலைத் தூசியும் காய்ந்த எண்ணெயும் பிசினாக இருந்தது. வெறும் பள்ளத்தை அப்படியே விடக்கூடாது, துரு பிடிக்கும், உறையில் போடும்போது நூலை இழுக்கும். அதற்கென்றே மேல்பக்கம் தட்டையாக வருகிற அடைப்புத் துண்டு இருக்கிறது. அதை ஏற்றிவிட்டார்.

அடுத்து ரிசீவர் மேலே இருந்த அடைப்புத் திருகுகள். நான் கொண்டுபோன ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடையில் விற்கிற டிரைவரின் வாய் ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும், திருகின் பிளவில் மேலே மட்டும் பிடித்து விளிம்பைத் தின்றுவிடும். துப்பாக்கித் திருகுக்கு வாய் இரண்டு பக்கமும் நேராக, பிளவை முழுக்க நிரப்புகிற தடிமனில் இருக்க வேண்டும். அவரிடம் ஒவ்வொரு அளவுக்கும் தானே அரம் போட்டுத் தேய்த்த டிரைவர்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அதில் ஒன்றை எடுத்து, பிளவில் வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து, ஒரு திருப்பு. ‘டிக்’ என்றது. அத்தனை வருஷம் அசையாத திருகு வந்துவிட்டது.

மரைத் துளைகளை அசிட்டோனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தோம். எண்ணெய் மிச்சமிருந்தால், திருகு தளராமல் இருக்கப் போடும் லாக்டைட் பசை பிடிக்காது. பிறகு புதிய சைட்டை வைத்து, திருகுகளை லாக்டைட் போடாமல் சும்மா முடுக்கினார். இந்தப் படியை யாரும் விட்டுவிடக்கூடாது. திருகு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் அதன் நுனி ரிசீவருக்குள் நீட்டிக்கொண்டு போல்ட்டை உரசும். லீவரை மெதுவாக இறக்கி ஏற்றி, காதை வைத்துக் கேட்டார். ஒரு இடத்தில் லேசாகச் சுரண்டுகிற சத்தம். போல்ட்டின் முதுகில் கறுப்பு மார்க்கர் பூசி மறுபடி இயக்கினார். முன் திருகுக்கு நேரே மயிரிழைக் கோடு. அந்தத் திருகை எடுத்து, நுனியை எண்ணெய்க் கல்லில் இரண்டு தேய். மறுபடி மார்க்கர், மறுபடி லீவர். கோடு இல்லை. அதன் பிறகுதான் நீல லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம். சிவப்பு போட்டால் சூடு காட்டாமல் கழற்ற வராது.

சைட் மாட்டியாயிற்று. பலரும் வேலை இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, அப்புறம் பீப் சைட்டைத் திட்டுகிறார்கள். பாதி வேலை முன் சைட்டில் இருக்கிறது. அதை இங்கே விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ குண்டும் அந்தப் பக்கம் போகும். முன் சைட் அதற்கு நேர் எதிர். ரிசீவர் மேலே உட்கார்ந்த துளை, பழைய வெட்டைவிட உயரம். பின் சைட் உயர்ந்தால் குண்டும் உயரும். கிளப் ரேஞ்சில் 25 மீட்டரில் மூட்டை மேல் வைத்துச் சுட்டபோது, துளையை அடிவரை இறக்கியும் குண்டுகள் 6 சென்டிமீட்டர் மேலே போய்க் கொத்தாக விழுந்தன. கொத்து நன்றாக இருந்தது, இடம்தான் சரியில்லை. இதற்குக் கணக்கு எளிது. விலகிய அளவை சைட்டுகளின் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் மில்லிமீட்டரில். 60 பெருக்கல் 660, வகுத்தல் 25,000. விடை 1.6. முன் சைட் 1.6 மில்லிமீட்டர் உயர வேண்டும்.

அண்ணன் உயரத்தை அதைவிடவும் கொஞ்சம் கூட்டியே புதிய முன் சைட் செய்து கொடுத்தார். அது ஏன் என்றால், என் சைட்டில் துளைக் குமிழின் மரை அங்குலத்துக்கு 40. துளை நேராகப் பார்க்க வேண்டுமானால் அரைச் சுற்று, அரைச் சுற்றாகத்தான் ஏற்ற இறக்க முடியும். அரைச் சுற்றுக்கு 0.32 மில்லிமீட்டர். 50 மீட்டரில் அது 24 மில்லிமீட்டர் வித்தியாசம். அவ்வளவு பெரிய படியில் குறியின் நடுவைப் பிடிப்பது அதிர்ஷ்டம். நுணுக்கமான கடைசித் திருத்தம் முன் சைட்டின் தலையில்தான். உயரமாகச் செய்து, குண்டு கீழே விழ விட்டு, பொடி அரத்தால் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் குண்டு மேலே ஏறி வரும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, ஆகவே அரத்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். கிளிக் வைத்த மைக்ரோமீட்டர் சைட் வாங்கினால் இந்தப் பாடு இல்லை. எனக்குத் தாழ்வான, ஒற்றைக் கட்டி சைட் பிடித்திருந்தது. நகரும் பாகம் குறைந்தால் தளர்வதும் குறைவு.

வடிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரைபிளோடு வந்தது உருண்டை மணி. வேட்டைக்காரர்களுக்கான வடிவம் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நமக்குக் காகிதம்தான் குறி, அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. காகிதத்துக்கு மணி உதவாது. மணியின் ஒருபக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கம் மட்டும் மின்னும். கண் மின்னுகிற பாதியையே முழு மணி என்று எடுத்துக்கொண்டு நடுவில் வைக்கும். குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்துவிடும். தலை தட்டையான, பக்கங்கள் செங்குத்தான கட்டைதான் சரி. அகலம் 1.8 மில்லிமீட்டர் என்று சொல்லிச் செய்தேன். என் கண்ணிலிருந்து முன் சைட் 78 சென்டிமீட்டரில் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு 50 மீட்டரில் அது சுமார் 11.5 சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். 50 மீட்டர் ரைபிள் குறியின் கறுப்பு வட்டம் 11 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். கட்டையும் கறுப்பும் ஏறக்குறைய ஒரே அகலம். கட்டையின் தலைக்கும் கறுப்பின் அடிக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விட்டுப் பிடித்தால் பக்கவாட்டுப் பிசகு கண்ணுக்கு உடனே தட்டுப்படும்.

கட்டையின் பளபளப்பைக் கொல்லக் கற்பூரத்தைவிட நல்லது இல்லை. ஒரு வில்லையை ஏற்றி, காலி செய்து லீவரைத் திறந்து வைத்த ரைபிளின் முன் சைட்டை மட்டும் சுடரின் நுனிக்கு மேலே ஒரு கணம் காட்டினால் போதும். மையைவிடக் கறுப்பாக, துளி மினுக்கம் இல்லாத கரி படியும். விரல் பட்டால் போய்விடும் என்பதால், சைட்டின் மேல் இருக்கும் மூடியை உடனே தள்ளிவிட வேண்டும். சுட்டு முடித்த பிறகு துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள். 

சுடுகிற முறைக்கு வந்தால், அண்ணன் சொன்ன ஒரு வாக்கியம் போதும். முதல் தடவை ரைபிளைத் தோளில் வைத்துப் பார்த்தபோது, துளைக்கு நடுவில் கட்டை இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தேன். “துளையைப் பாக்காதீங்க தம்பி, அது வழியாப் பாருங்க. கட்டைய மட்டும் பாருங்க, மத்தது தானா வந்து நிக்கும்” என்றார். உண்மைதான். துளை கண்ணுக்கு அருகில் மெல்லிய சாம்பல் வளையமாகத்தான் தெரிய வேண்டும். வளையத்தைத் தெளிவாகப் பார்க்க முயன்றால் கட்டை கலங்கும். துளை சின்னதாக இருப்பதால் தலை சற்றே நகர்ந்தாலும் வரக்கூடிய பிழை குறைவு. அதனால் நடுவைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கன்னத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வைத்தால் போதும்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொன்று. படிக்க, நடக்க எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி என்று புரோகிரஸிவ் லென்ஸ் போட்டிருந்தால், ரைபிளில் தலையைச் சாய்த்ததும் லென்ஸின் மேல் ஓரம் வழியாகத்தான் பார்வை போகும். சுடுவதற்கென்று ஒற்றைப் பவரில் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். உங்கள் தூரப் பார்வைப் பவரோடு +0.50 கூட்டச் சொன்னால், முன் சைட்டுக்கும் குறிக்கும் நடுவில் கண் நின்றுகொள்ளும். மிச்சத்தைத் துளை பார்த்துக்கொள்ளும். பரிசோதிக்கிறவரிடம் இதை விளக்கமாகச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ரைபிளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, கண்ணிலிருந்து முன் சைட் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொண்டு போனால் போதும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், கண்ணுக்குப் பாதுகாப்பு.

தோட்டா விஷயம் ஒன்று. .22 எல்.ஆர். தோட்டா தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறும். ஜீரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதாவது சைட் காட்டுகிற இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்துகொண்டிருக்கும்போது, நடுவில் வேறு பெட்டியைத் திறக்காதீர்கள். முன் சைட்டை அரம் போட்டுவிட்டு, அப்புறம் அது தோட்டாவின் கோளாறு என்று தெரிந்தால் என்ன செய்வது? லைசென்ஸில் அனுமதித்த அளவுக்குள்தான் தோட்டா வாங்க முடியும் என்பதால், ஜீரோ பார்க்கத் தேவையானதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டே வேலையைத் தொடங்கினேன்.

கடைசியாக, தேர்தல். தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கைக்கு வரும். நடுவில் எங்கே சாய்த்து வைத்தார்களோ, எதன் மேல் இடித்ததோ, யாருக்குத் தெரியும். அதனால் ஜீரோ முடிந்ததும் சைட்டின் ஒவ்வொரு திருகுத் தலையிலிருந்தும் சைட்டின் உடம்பு வரை வெள்ளை நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து வையுங்கள். முன் சைட்டுக்கும் அதன் பள்ளத்துக்கும் குறுக்கே அதே மாதிரி இன்னொன்று. துளைக் குமிழ் அடியிலிருந்து எத்தனை அரைச் சுற்று ஏறியிருக்கிறது என்பதை எழுதி லைசென்ஸ் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ரைபிள் திரும்பி வந்ததும் கோடுகள் நேராக இருந்தால் 25 மீட்டரில் சும்மா ஒரு சோதனைக் கொத்து போதும். ஒரு கோடு முறிந்திருந்தாலும் அந்தத் திருகைக் கழற்றி, பழைய லாக்டைட்டைச் சுரண்டித் துடைத்து, புதுச் சொட்டு விட்டு முடுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே சுட வேண்டும்.